மொட்டையின் காதுகள்

காதுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் நாய் வளர்க்கிற எவருக்கும் தெரியும். பெயரைச் சொல்லித் தேடினால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். நாய்க்குக் காது வெட்டுகிறவர் வீடு எது என்று கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

யாரும் தூக்கிவிட்டு அவர் மேலே வரவில்லை. மீசை அரும்பாத வயதில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவப் போனார். கழுவிக்கொண்டே பார்த்தார், பார்த்தே கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் கத்திரி போனால் ரத்தம் பீச்சும், எந்த இடத்தில் கத்திரி தடையில்லாமல் ஓடும் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுதப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவார். "எனக்குப் படிப்பு விரல் நுனியில இருக்கு" என்று விரலை ஆட்டிக் காட்டுவார். சும்மா சொல்லக் கூடாது, அந்த விரல்கள்தான் அவருக்குச் சொந்த வீடும், வாசலில் கடையும், தெருவில் நாலு பேர் எழுந்து நின்று பேசுகிற மரியாதையும் வாங்கிக் கொடுத்தன.

தொழில் இதுதான். தாடை அகன்று மார்பு விரிந்த காவல் நாய் வகைகள் பிறக்கும்போது காது ஈரத்துணி மாதிரித் தொங்கும். பார்த்தால் கொஞ்சத்தான் தோன்றுமே தவிர பயம் வராது. ஆசைப்பட்டு வாங்கியவருக்கு அது பிடிக்குமா? குட்டி கொஞ்சம் தேறியதும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மயக்க ஊசி போட்டு, தகடு அடித்த மேசையில் கிடத்தி, காதை வளைந்த இரும்புக் கவ்வியில் பிடித்து, ஓரத்தைக் கத்திரியால் வழித்தெடுத்துத் தைத்துவிடுவார். பிறகு தலை உச்சியில் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி, இரண்டு காதையும் அதன் மேல் நிமிர்த்தி டேப் சுற்றுவார். கோப்பையைத் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு போன குட்டி, சில வாரம் கழித்து அதைக் கழற்றும்போது கொம்பு முளைத்தாற்போல் நிற்கும். முகமே வேறாகியிருக்கும். அடுத்த வீட்டுக்காரன் அதன் பிறகு அந்தப் பக்கம் நடக்க மாட்டான். வெட்டிய துண்டுகள் மேசைக்குக் கீழே வாளியில் கிடக்கும். அவற்றை அவர் குனிந்து பார்த்ததில்லை.

கடைப் பலகையில் மொட்டையின் படம் பெரிதாக இருக்கும். மொட்டை அவர் வளர்த்த நாய். படத்துக்குக் கீழே, "எங்கள் கையில் ஒரு குட்டியும் கத்தியதில்லை" என்று எழுதியிருக்கும். எழுத்து வேறொருவருடையது. பெருமை அவருடையது.

எதிரே லாண்டரி. அதன் முதலாளிக்கும் நம்மவருக்கும் தினமும் ஒரே வழக்குத்தான்.

"அண்ணே, நாய் பொறக்கும்போதே ரவுடியாவா பொறக்குது?" என்பார் லாண்டரிக்காரர், இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டே. "கட்டிப்போட்டு, குச்சியால குத்தி, பட்டினி போட்டா நானுந்தான் கடிப்பேன்."

"நீ கடிச்சா சட்டைப் பட்டன்தான் பிய்யும். அது கடிச்சா எலும்போட வரும். எல்லாம் ரத்தம்யா. சிங்கத்தைத் தொட்டில்ல போட்டு ஆட்டினா ஆட்டுக்குட்டி ஆயிடுமா?"

"அப்ப உங்க மொட்டை? பூனை வந்தாலே வழி விடுதே!"

"அது அடக்கம். அதோட அப்பன் கப்பல்ல வந்தவன். ராஜா வீட்டுப் பிள்ளை சும்மா சும்மா கையை ஓங்குமா?"

லாண்டரிக்காரர் குனிந்து சிரிப்பார். அவருக்கு உண்மை தெரியும். மொட்டை பிறந்தது அவருடைய பாய்லருக்குப் பின்னால், அழுக்குப் போர்வைக் குவியலின் மேல். அம்மா ஒரு தெருநாய். அப்பன் கப்பலில் வந்தானா, சாக்கடை ஓரமாக வந்தானா என்பதற்குச் சாட்சி கிடையாது. புதுக் கடை திறக்கிற சமயத்தில் நம்மவருக்கு வாசலில் நிறுத்த ஒரு மாதிரி தேவைப்பட்டது. அந்தக் குவியலில் மார்பு அகன்ற குட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அதற்குக் காது வெட்டிய கதை லாண்டரிக்காரருக்கும் தெரியாது. மயக்க மருந்துப் புட்டி அன்றைக்குக் காலி. கொண்டுவருகிற ஆள் வரவில்லை. கடை திறப்புக்கு வருகிறவர்கள் தலையில் கோப்பையோடு ஒரு குட்டியைப் பார்க்காமல் போவதா? கை வேகம் உள்ளவனுக்கு ஊசி எதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்தினார். முதல் காதில் கத்திரி ஓடியபோது குட்டி கத்திய கத்து அவருக்கே உடம்பை உலுக்கியது. கட்டுத் துணியை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு இரண்டாவது காதை முடித்தார். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. வீட்டம்மா அடுப்படியில் இருந்தார். அவருக்கு அப்போதே காது மந்தம்.

ஊர் நாய்க்கெல்லாம் காதைச் சீராக்குகிறவருக்கு வீட்டில் இப்படி வாய்த்ததே என்று தெருவில் கேலி உண்டு. வருஷம் போகப் போக அந்தம்மாவுக்கு இடி இடித்தால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. மொட்டைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவைத் தட்டினால், பால் பொங்கினால், கணவர் கூப்பிட்டால் நேராகப் போய் அந்தம்மாவின் முழங்காலில் முகவாயை வைக்கும். அவர் உடனே எழுந்துகொள்வார். "இது வந்த பிறகுதான் எனக்கு வீடு கேக்குது" என்பார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

ஒன்று மட்டும் உண்டு. மொட்டையின் காதை யாரும் தொட மாட்டார்கள். புதிதாக வந்தவர் கை அதன் தலைக்குப் போனால், பேச்சு நடுவிலேயே வீட்டம்மா அந்தக் கையைத் தாடைப் பக்கம் இறக்கிவிடுவார். ஏன் என்ற கேள்வியே எழுந்ததில்லை. சூடான பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடிப்பது மாதிரி, நினைக்காமலே கை செய்கிற காரியம் அது. அதனால்தான் நம்மவர் அதை அடியோடு மறந்திருந்தார்.

இப்படி இருக்கும்போது ஒரு கிடங்கில் இரண்டு காவல் நாய்கள் வயதான வாட்ச்மேன் ஒருவரைக் கிழித்துப் போட்டன. சங்கிலி மாற்றப் போனவர். காலையில் லாரிக்காரர்கள் வந்து பார்த்தபோது முகத்தில் ஒரு பக்கம் இல்லை. லாண்டரியில் இருந்த டிவியில் கூண்டுக்குள் நின்ற அந்த நாய்களைக் காட்டினார்கள்.

நம்மவர் துள்ளி எழுந்தார். "அந்தக் காதைப் பாருய்யா! என் வெட்டு! எத்தனை நேர்த்தி பாரு!"

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துணி கொடுக்க வந்திருந்த இரண்டு பேர் நம்மவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியாதே. அவர் மெல்ல உட்கார்ந்து, "கெட்ட ரத்தம்" என்றார்.

டிவியில் அதே வழக்குதான் ஓடியது. ரத்தம்தான் என்றது ஒரு கூட்டம், வளர்ப்புதான் என்றது இன்னொன்று. ரத்தம் ஜெயித்தது. இன்ன இன்ன வகை நாய்கள் ஆபத்தானவை, கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அவற்றை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று உத்தரவு வந்தது. வகையில் சந்தேகம் இருந்தால் மட்டும் பரிசோதனை உண்டு. நாய்க்கென்ன நெற்றியில் எழுதியா இருக்கிறது? தாடையையும் மார்பையும் காதையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அதிலும் முதலில் கண்ணில் படுவது காது.

நம்மவர் கடைக்கு விசித்திரமான வாடிக்கை வர ஆரம்பித்தது.

"அண்ணே, காதை மறுபடி தொங்கவிட முடியுமா?"

"அதெப்படிய்யா முடியும்? தலைமுடியா வளர்றதுக்கு?"

"வெட்டின துண்டு எதாவது எடுத்து வச்சிருக்கீங்களா? ஒட்டித் தாங்களேன்."

சிரிப்புக்குக் கேட்கவில்லை. கேட்டவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு அவர் வீட்டுக் கதவையே தட்டினார்கள். மொட்டை போய் வீட்டம்மாவின் முழங்காலில் முகவாயை வைத்தது. அவர் எழுந்து கதவைத் திறந்தார். நகராட்சி அதிகாரியும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். அதிகாரி பலகையில் இருந்த படத்தையும் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இது அந்த வகையே இல்ல" என்றார் நம்மவர். "தெருநாய் போட்ட குட்டி."

"என் மச்சான் குட்டியைத் தூக்கிட்டு வந்தப்ப நானும் கூட வந்தேன். இதே எடத்துல நின்னு சொன்னீங்க, அப்பன் கப்பல்ல வந்தவன்னு."

"அது சும்மா வியாபாரத்துக்குச் சொன்னது சார்."

"வியாபாரத்துக்கு ஒரு அப்பன், சட்டத்துக்கு ஒரு அப்பனா?"

லாண்டரிக்காரர் ஓடி வந்தார். "சார், இதோட அம்மா என் பாய்லருக்குப் பின்னாடி கிடந்த நாய். என் போர்வை மேலதான் போட்டுச்சு. நானே பாத்தேன்."

"அப்பன்?"

"அவன் வந்துட்டுப் போனப்ப நான் கடையைச் சாத்தியிருந்தேன் சார்."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளகி, சந்தேகக் கேஸ் என்று போட்டு, மறுநாள் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு நம்மவர் கட்சி மாறினார். "எல்லாம் வளர்ப்புதான்யா. ரத்தத்துல என்ன இருக்கு?"

"போன மாசம் வரைக்கும் சிங்கம், ஆட்டுக்குட்டின்னீங்களே அண்ணே."

"வாயை மூடிக்கிட்டு நாளைக்கு என்கூட வா."

மறுநாள் வீட்டம்மா மொட்டையின் தாடையைத் தடவி, கழுத்துப் பட்டையைச் சரி செய்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்றது தெருக்கோடி வரை கேட்டது.

பரிசோதனை நடந்த இடம் நகராட்சிக் கொட்டடிக்குப் பின்னால் இருந்த சிமென்ட் முற்றம். ஒரு பக்கம் கூண்டுகள், மூலையில் பச்சைக் கதவு போட்ட ஓர் அறை. அந்தக் கதவுக்குள் போன நாய் எதுவும் வெளியே வரவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நாயும் கையுமாக ஒரு கூட்டம் முறைக்குக் காத்திருந்தது. பாதிப் பேர் நம்மவரின் வாடிக்கையாளர்கள். கொம்பு மாதிரி நிமிர்ந்த அந்தக் காதுகள் எல்லாம் அவர் கைவேலை. இன்னொரு நாளாக இருந்தால் மார்பை நிமிர்த்தியிருப்பார்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அதிகாரியோடு அவருக்கு ஏற்கெனவே பேச்சு முற்றியிருந்தது.

"முகத்தைப் பாத்து மனுஷனைத் தூக்குல போடுவீங்களா சார்? நாயை மட்டும் ஏன் போடுறீங்க?"

"செத்தவரோட வீட்டுல போய் இதைச் சொல்லுங்க டாக்டர்."

"அந்த நாய்ங்களை எப்படி வளத்தாங்கன்னு ஒருத்தரும் விசாரிக்கலையே."

நம்மவருக்குத் தெம்பு வந்தது. நம் பக்கத்து ஆள்! மொட்டைக்கு மாட்டியிருந்த வாய்க்கூட்டைத் தானே கழற்றி எறிந்தார். "இது எதுக்கு டாக்டரம்மா? என் நாய் ஒரு எறும்பை மிதிக்காது."

சோறு வைத்து, தின்னும்போதே தட்டை இழுத்தார்கள். மொட்டை பின்வாங்கி உட்கார்ந்து, தட்டை இழுத்த ஆளின் முகத்தைப் பார்த்தது. முகத்துக்கு நேராகக் குடையைப் படாரென்று விரித்தார்கள். திடுக்கிட்டுவிட்டு வாலை ஆட்டியது. கைக்குழந்தை அளவு பொம்மை ஒன்றை வண்டியில் வைத்து முன்னால் தள்ளினார்கள். பொம்மையின் காலை நக்கியது. வேலிக்கு வெளியே ஒருவர் கைதட்டினார். டாக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எல்லாம் சரி" என்றார் அதிகாரி. "ஆனா அந்தக் காது? வெட்டின தழும்பே காணோம், பொறப்புலயே இப்படி நிக்குதுன்னா அந்த வகைதான்."

நம்மவருக்கு ரோசம் வந்தது. தன் கைவேலையைப் பிறவிக் காது என்கிறானே! "சார், அது பொறப்புக் காது இல்ல. நான் வெட்டினது. ஓரத்துல தையல் தழும்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அத்தனை சன்னமா தச்சிருக்கேன். டாக்டரம்மா, நீங்களே விரலை வச்சுத் தடவிப் பாருங்க."

டாக்டர் குனிந்து, இடது காதின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார்.

உறுமல் கூட வரவில்லை. டாக்டரின் கை மொட்டையின் வாய்க்குள் போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. சிமென்ட் தரையில் ரத்தம் சொட்டியது. மொட்டை சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது. வேறு நாயாக இருந்தால் பயத்தில் காதைப் பின்னால் மடித்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது பயம் என்று புரிந்திருக்கும். மொட்டைக்கு மடிக்கக் காது இல்லை. பயந்து நின்றபோதும் அது முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

டாக்டர் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டே நம்மவரிடம் வந்தார். வலியில் உதடு வெளுத்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "இது கோபக் கடி இல்ல. பழைய வலி. ஐயா, மறைக்காம சொல்லுங்க. இதுக்கு வெட்டும்போது மயக்க ஊசி போட்டீங்களா? போடலன்னா சொல்லிடுங்க. வலியில கடிக்கிற நாய்னு எழுதி, என் பொறுப்புல வச்சுக்க விதியில எடம் இருக்கு. நான் காப்பாத்திடுறேன்."

நம்மவர் வாயைத் திறந்தார். வேலிக்கு வெளியே அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை காதுகளும் அவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. பலகையில் எழுதிய வரி கண் முன்னால் வந்தது. கூண்டு கழுவப் போன பழைய நாள் பையன் வந்தான். எழுந்து நின்று பேசுகிற தெரு வந்தது.

"ஊசி போடாம நான் கத்திரியைத் தொட்டதே இல்ல டாக்டரம்மா" என்றார். "என் கையில ஒரு குட்டியும் கத்தினது கிடையாது."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறை கேட்பார் போலிருந்தது. கேட்கவில்லை.

"அப்ப ரத்தம்தான்" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

மொட்டையைக் கூட்டிப்போக வந்த ஆள் வயதானவர், நாயோடு பழகியவர். குனிந்து தாடைக்குக் கீழே தடவிக் கொடுத்தார். தடவியது பிடித்துப்போய், மொட்டை வாலை ஆட்டிக்கொண்டே அவரோடு பச்சைக் கதவுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் கழுத்துப் பட்டை மட்டும் வெளியே வந்தது.

இருவரும் திரும்பி நடந்தார்கள். தெருமுனைக்கு வந்ததும் லாண்டரிக்காரர் பெருமூச்சு விட்டார். "நீங்க முதல்ல சொன்னதுதான் அண்ணே சரி. பாசமா வளத்தீங்க, என்ன குறை வச்சீங்க? ரத்தம் ஒரு நாள் காட்டிடுச்சு பாருங்க." இத்தனை வருஷத்து வழக்கில் அவர் தோற்று ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். ஜெயித்தவர் தலை நிமிரவில்லை.

வீட்டம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கணவரைத் தாண்டி அவர் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டையைப் பார்த்தார்.

"கடிச்சிருச்சு" என்றார் நம்மவர்.

அந்தம்மா அவர் உதட்டைப் படித்துக்கொண்டார். "காதைத் தொட்டாங்களா?"

நம்மவர் ஆமென்று தலையசைத்தார்.

"தொடக் கூடாதுன்னு நீங்க சொல்லலையா?"

"நான்தான் தொடச் சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அந்தம்மாவால் படிக்க முடியவில்லை.

"என்ன சொல்றீங்க? கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். அடக்கி வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது. "நான்தான் தொடச் சொன்னேன்! காப்பாத்துறேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு! ஊசி போட்டேன்னு பொய் சொன்னேன்! போடல! இதுக்கு மட்டும் ஊசி போடல!"

எதிரே கடையைத் திறந்துகொண்டிருந்த லாண்டரிக்காரரின் ஷட்டர் பாதியில் நின்றது.

வீட்டம்மா அழவில்லை. கணவர் கையிலிருந்து பட்டையை வாங்கிக்கொண்டார். "அது எனக்குத் தெரியும்" என்றார். எப்போதும் தெருக்கோடி வரை போகிற குரல், அன்றைக்கு அவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது. "முதல் காதுக்குக் கேட்டுச்சு. ரெண்டாவதுக்குக் கேக்கல. வாயைக் கட்டிட்டீங்க போலன்னு நெனச்சேன்."

உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நம்மவர் கதவைச் சாத்திக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. "காதுக்காரரே, இருக்கீங்களா? உத்தரவுல இல்லாத வகை, நல்ல குட்டி, கொண்டுவந்திருக்கேன்" என்று வெளியே ஒரு குரல். கூடவே ஒரு சின்னக் குட்டியின் முனகல்.

வீட்டம்மா அசையவில்லை. பட்டையை மடியில் வைத்து, ஒட்டியிருந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் தட்டினார்கள். நம்மவர் அந்தம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.